செவ்வாயில் இன்று தண்ணீர் இருக்கிறதா?

புறக்கோட்டையில் பூசைச் சாமான் கடையொன்றில் வேலை செய்யும் வன்னித் தம்பி ஒருவர், கைபேசியில் ஒரு செய்தியைக் காட்டி, "செவ்வாயில தண்ணி கண்டுபிடிச்சிட்டினமாம், உண்மையே அண்ணை?" என்று கேட்டார்.

செவ்வாயில் பனிக்கட்டி இருப்பது உறுதி. திரவ நீர் இன்றும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அங்கு வளிமண்டல அழுத்தம் பூமியில் உள்ளதில் 1 சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே வெளியே தெரியும் பனிக்கட்டி, அந்தக் கடையில் திறந்து வைத்த கற்பூரம் போல, பெரும்பாலும் உருகாமலே ஆவியாகிவிடும். அந்த ஆவியிலுள்ள ஐதரசன் மெல்ல விண்வெளிக்குத் தப்பிச் செல்கிறது. இந்த இழப்பை ஆராயும் கருவியொன்றுடன் இந்தியாவின் மங்கள்யான் 2014 செப்டெம்பர் 24 அன்று செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தது. அதன் திட்ட இயக்குநர் தமிழகத்தைச் சேர்ந்த சுப்பையா அருணன்.

திரவ நீருக்கு அடையாளமாக மூன்று விடயங்கள் அதிகம் பேசப்பட்டுள்ளன.

முதலாவது, வெப்பமான பருவத்தில் மலைச்சரிவுகளில் நீளும் கருங்கோடுகள். நேபாளத்தில் பிறந்த லுஜேந்திர ஓஜா மாணவராக இருந்தபோது இவற்றைப் படங்களில் கவனித்தார். 2011இல் இவை அறிவிக்கப்பட்டன. 2015இல் உப்புநீரின் தடயம் என்றது நாசா. 2017இல் வெளியான ஆய்வோ, காய்ந்த மணல் சரியும் அளவுக்குச் செங்குத்தான இடங்களில் மட்டுமே கோடுகள் நீள்வதைக் காட்டியது. நீர் என்றால் சாய்வு குறைந்த இடத்திலும் ஓடியிருக்கும்.

இரண்டாவது, 2018இல் ஐரோப்பாவின் மார்ஸ் எக்ஸ்பிரஸ் விண்கலத்தின் ராடர் கண்டது. தென்துருவப் பனியின் கீழ் 1.5 கிலோமீற்றர் ஆழத்தில், சுமார் 20 கிலோமீற்றர் அகலத்துக்கு வலுவான எதிரொலி கிடைத்தது. ஏரி என்றனர் சிலர். களிமண்ணும் அப்படி எதிரொலிக்கும் என்றனர் வேறு சிலர்.

மூன்றாவது, இன்சைட் கலத்தின் நிலநடுக்கப் பதிவுகள். அவற்றை வைத்து, 11.5 முதல் 20 கிலோமீற்றர் வரையான ஆழத்தில் பாறை வெடிப்புகளில் நீர் நிறைந்திருக்கலாம் என 2024இல் ஓர் ஆய்வு கூறியது. கிண்டிப் பார்க்க முடியாத ஆழம் அது.

மூன்றும் அறிகுறிகளே. யாரும் அந்தத் தண்ணீரைத் தொடவில்லை.

மேற்பரப்புக்கு அருகில் நீர் உறையாமல் இருக்க வேண்டுமானால், அதில் உப்பு மிகுந்திருக்க வேண்டும். 2008இல் பீனிக்ஸ் கலம் மண்ணில் கண்டறிந்த பெர்குளோரேட் உப்பு உறைநிலையை வெகுவாகக் குறைக்கும். ஆனால் அது மனிதரின் தைரொயிட் சுரப்பிக்குத் தீங்கானது.

இதைச் சொன்னதும் தம்பி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "2009இல கடற்கரையில ஈரமண் கண்ட இடமெல்லாம் கிண்டினம் அண்ணை. தண்ணி வந்தது. ஆனா சவர்" என்றார்.

செவ்வாய்ச் செய்திகளை வாசிக்க அவருடைய அளவுகோலே போதும். ஈரம் வேறு, தண்ணீர் வேறு, குடிக்கக்கூடிய தண்ணீர் வேறு.