கிண்டி தேசியப் பூங்கா: சமவெளிக் காட்டைக் காணல்

கிண்டி தேசியப் பூங்கா, சென்னை நகருக்குள் ஆளுநர் மாளிகையையும் ஐ.ஐ.டி. வளாகத்தையும் ஒட்டி ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டரில் அமைந்துள்ள காடு. 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இது, இந்தியாவின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களுள் ஒன்று. தமிழ்நாட்டிலுள்ள ஐந்து தேசியப் பூங்காக்களில் முதுமலை, முக்குருத்தி, ஆனைமலை மூன்றும் மேற்கு மலைத்தொடரைச் சேர்ந்தவை. மன்னார் வளைகுடா கடலுக்குரியது. சமவெளிக்கென்று மிஞ்சியது கிண்டி ஒன்றே. யானையையும் காட்டெருமையையும் தேடி மலையேறுகிறவர்கள் இதை நகரத்துப் பொழுதுபோக்கிடமாக எண்ணிக் கடந்துவிடுகிறார்கள். தாங்கள் வாழும் நிலம் ஒருகாலத்தில் எப்படியிருந்தது என்று அறிய விரும்பும் வடதமிழகத்தார் முதலில் வரவேண்டிய காடு இதுதான்.

மலைக்காடுகள் பல தப்பியதற்கு அவற்றின் சரிவும் ஒரு காரணம். சமவெளிக்கு அந்தக் காப்பு இல்லை. ஏர் போகும், ஏரி வெட்டலாம், சாலையும் தண்டவாளமும் போடலாம். கடம்பத்தூர், திருவள்ளூர் தொடங்கி கும்மிடிப்பூண்டி வரையுள்ள நிலம் வயலாகி, பின்னர் அதில் ஒரு பகுதி தொழிற்பேட்டையும் ஆனது. கிண்டிக்கும் அதே கதிதான் பாதி நேர்ந்தது. 1910இல் காப்புக்காடாக்கப்பட்டபோது அதன் பரப்பு ஏறத்தாழ 5 சதுர கிலோமீட்டர். பிறகு ஐ.ஐ.டி.க்கும் தலைவர்களின் நினைவிடங்களுக்கும் பிற நிறுவனங்களுக்கும் பகுதி பகுதியாகப் பிரிந்துபோனது. நல்ல நோக்கங்களுக்காகவே நிலம் கொடுக்கப்பட்டது; காட்டுக்கு இழப்பு இழப்புதான்.

எஞ்சியிருப்பது சோழமண்டலக் கரைக்கே உரிய வறண்ட பசுமைமாறாக் காடு. ஆண்டு மழையில் பெரும்பங்கை வடகிழக்குப் பருவமழையில் பெற்றுக்கொண்டு, கோடை முழுவதும் சிறிய, தடித்த இலைகளால் ஈரத்தைக் காத்து நிற்கும் குட்டை மரங்களும் முட்புதர்களும் பின்னிய காடு இது. இந்த வகைக் காட்டை இன்று சில கோயில் காடுகளிலும் ஸ்ரீஹரிகோட்டா போன்ற ஓரிரு இடங்களிலும்தான் காணலாம். புதர்களுக்கிடையே திறந்த புல்வெளி உண்டு. போலோ மைதானம் என்று அழைக்கப்படும் பகுதி வெளிமான்களுக்குப் பேர்போனது. முறுக்குக் கொம்பும் கருமேனியும் கொண்ட ஆண் மான் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புழுக்கை இட்டுக் குவித்துத் தன் எல்லையைக் காட்டும். கண்ணுக்கு முன்புள்ள சுரப்பியைப் புல்நுனியிலும் குச்சியிலும் தேய்க்கும். தூரத்திலேயே பகையைக் கண்டு ஓடிப் பிழைக்கும் விலங்கு இது. வெட்டவெளி அதற்கு உயிர். புள்ளிமானோ புதரோரத்தில் ஒதுங்கி வாழும். எனவே புதர் பெருகப் பெருக வெளிமானுக்கு இடம் குறைகிறது.

இங்குள்ள வெளிமான்கள் ஆளுநர்கள் காலத்தில் கொண்டுவந்து விடப்பட்டவை, ஆகவே இது இயற்கைக் காடாகாது என்று சொல்வதுண்டு. கொண்டுவரப்பட்டவை என்றே வைத்துக்கொள்வோம். கோடியக்கரையில் இன்றும் வெளிமான் மேய்கிறது. இக்கடற்கரைச் சமவெளிக்கு அது அந்நியமன்று. இவ்வளவு சிறிய இடத்தில் வனவிலங்கு நிலைக்குமா என்ற மறுப்புக்குத்தான் வலு அதிகம். இலங்கையின் தாழ்நிலப் பூங்காவான யால, 979 சதுர கிலோமீட்டர். அங்கே யானையும் சிறுத்தையும் தாமாக நடமாடும். கிண்டியில் மதிலுக்குள் அடைபட்ட கூட்டம் வெளிக்கூட்டத்தோடு கலக்க வழியில்லை. நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருகும் ஆபத்து உண்டு. இதை மறுக்க முடியாது. ஆனால் இதிலிருந்து காட்டைக் கைவிடலாம் என்ற முடிவு வராது. புல்வெளியைத் திறந்து வைப்பது, அயல் மரங்களை அகற்றுவது, நெகிழி உள்ளே வராமல் தடுப்பது ஆகிய வேலைகள் பெரிய காட்டைவிட இங்கே இன்னும் கண்டிப்பாக நடக்க வேண்டும் என்பதே சரியான முடிவு. நரி, கீரி, நட்சத்திர ஆமை, எண்ணற்ற பூச்சிகளுக்கு இந்தப் பரப்பும் பெரிதுதான்.

கடம்பத்தூரிலிருந்து வருபவர் மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்து, எதிரேயுள்ள பார்க் நிலையத்தில் தாம்பரம் வண்டி ஏறினால் கிண்டியில் இறங்கலாம். பொதுமக்களுக்குத் திறந்திருப்பது சிறுவர் பூங்கா. பக்கத்திலேயே பாம்புப் பண்ணை. காட்டின் உட்பகுதிக்கு வனத்துறையின் அனுமதி வேண்டும். இந்தத் தடையைக் குறையாகச் சொல்வோர் பலர். ஆயினும் இத்தனை சிறிய காட்டில் எல்லாப் பக்கமும் ஆள் நடந்தால் மான் ஒதுங்க மறுபக்கம் இராது. மழை ஓயத் தொடங்கும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, காலையில் வருவது நல்லது. குளங்களில் நீர் இருக்கும், வெயில் ஏறுமுன் விலங்குகள் மேய்ச்சலுக்கு வரும். தீனி கொடுக்கும் பழக்கத்தையும் தின்பண்ட உறைகளையும் வாசலிலேயே விட்டுவிட வேண்டும். மான்கள் நெகிழியைத் தின்று சாவதற்கு அவையே காரணம்.