புறநகர் எது?



பெருநகரம் ஒன்றன் அருகே சிறிய ஊர் ஒன்று இருக்குமாயின், அதனை அந்நகரத்தின் புறநகர் என்று சொல்லிவிடுவது இக்காலத்து வழக்கம். சரித்திரமும் பூகோளமும் நெடுங்காலம் கற்பித்தவன் என்னும் முறையில், இவ்வழக்கினைச் சற்றே எடையிட்டுப் பார்க்க விரும்புகிறேன். அருகில் இருத்தல் ஒன்றே ஓர் ஊரைப் புறநகர் ஆக்கிவிடுமா?

புறநகர் என்னும் எண்ணம் தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்து மதுரைக் காண்டத்தில் 'புறஞ்சேரி இறுத்த காதை' என்றே ஒரு பகுதி உண்டு. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மதுரை மதிலுக்கு வெளியே, அறவோர் உறையும் புறஞ்சேரியில் தங்குகின்றனர். அங்கே எல்லையைப் பற்றி ஐயம் எழ இடமில்லை. மதிலுக்கு உள்ளே இருப்பது நகர். வெளியே இருப்பது புறஞ்சேரி. மதுரையை நீக்கிவிட்டால் அச்சேரிக்குப் பெயரும் இல்லை; பொருளும் இல்லை.

இவ்வளவுகோலைச் சென்னைக்கு வைத்துப் பார்ப்போம். கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னைக் கடற்கரையில் நிலம் பெற்றது 1639ஆம் ஆண்டில். கோட்டை எழத் தொடங்கியது 1640இல். அன்றைக்கே திருவொற்றியூர் பல நூற்றாண்டு கண்ட பழம்பதி. தேவாரப் பாடல் பெற்ற தலம். சுந்தரர் சங்கிலியாரை மணந்த ஊர் என்று பெரியபுராணம் போற்றுவது. சோழர் கல்வெட்டுகள் நிறைந்தது. மயிலாப்பூரைச் சம்பந்தரும் திருவல்லிக்கேணியை ஆழ்வார்களும் பாடியிருக்கின்றனர். கம்பெனியார் திருவல்லிக்கேணியை 1676இலும், எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை ஆகியவற்றை 1693இலும், திருவொற்றியூர், நுங்கம்பாக்கம் முதலிய ஊர்களை 1708இலும், மயிலாப்பூரை 1749இலும் அடைந்தனர். ஆதலின் வயது நோக்கின், இவ்வூர்களைக் கோட்டையின் புறநகர் என்பது பாட்டியைப் பேத்தியின் பிள்ளை என்பது போலாகும்.

வயது ஒன்றே தீர்ப்புச் சொல்லிவிடுமா எனின், அதுவும் இல்லை. அன்றாட வாழ்வு எப்பக்கம் சாய்கிறது என்பதையும் காணவேண்டும். தாம்பரத்தை எடுத்துக்கொள்வோம். 1931இல் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கிற்று. 1937இல் கிறிஸ்தவக் கல்லூரி நகரத்தினின்று அங்கே குடிபெயர்ந்தது. காலையில் நகரத்துக்குப் போய் மாலையில் வீடு திரும்புவோர் வாழும் ஊராக அது வளர்ந்தது. புறநகர் என்னும் சொல் அதற்குப் பொருந்தும். ஆயினும் 2021இல் அதுவே தனி மாநகராட்சியாயிற்று. சட்டத்தின் கணக்கு ஒன்று. வாழ்வின் கணக்கு வேறொன்று.

காஞ்சிபுரமோ முற்றிலும் வேறு வகை. பல்லவர் தலைநகராய் விளங்கிய அவ்வூர்க்குத் தன் தறியும், தன் கடைவீதியும், தன் கோயில்களும் உண்டு. சுற்றுவட்டாரத்துச் சிற்றூர்கள் அதனை நோக்கியே வருகின்றன. சென்னைக்குப் பட்டு அனுப்புகிறது என்பதற்காக அதனைச் சென்னையின் புறநகர் என்றல் தகாது. அண்டை வீட்டாருக்கு மோர் கொடுப்பவள் அவ்வீட்டுப் பணிப்பெண் ஆகிவிடுவதில்லை அன்றோ?

இது வெறும் சொல்லாராய்ச்சி என்று எண்ணவேண்டா. 1872 முதல் சென்னையின் தாகம் தணித்தது புழல் ஏரி. 1944இல் பூண்டி நீர்த்தேக்கமும் அதனோடு சேர்ந்தது. இரண்டும் அன்று நகர எல்லைக்கு அப்பாற்பட்டவை. மறுபுறம், நகரத்துக் குப்பை பல ஆண்டுகள் பெருங்குடிக்குச் சென்று குவிந்தது. அப்போது பெருங்குடி மாநகராட்சியைச் சேர்ந்த ஊரன்று. 2011இல் நாற்பத்திரண்டு உள்ளாட்சிகள் சென்னையோடு இணைக்கப்பெற்று, நகரப் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராயிற்று. பெருங்குடி அப்போதுதான் உள்ளே வந்தது. திருவொற்றியூரும் அப்போதுதான் வந்தது. நீரைப் பெறும்போதும் குப்பையைக் கொட்டும்போதும் நம் ஊர். சாலையும் சாக்கடையும் கேட்கும்போது வேற்றூர் என்னும் நிலை புறநகர் என்ற பெயருக்குள் ஒளிந்துகொள்ள இடம் உண்டு. ஆதலாற்றான் அச்சொல்லை அளந்து வழங்க வேண்டும் என்கிறேன்.

நான் பணியாற்றிய பள்ளியொன்றில், உன் ஊர் எது என்று கேட்டால், "சென்னைக்குப் பக்கம்" என்றே மாணவர் பலர் விடையிறுப்பர். தம் ஊர்க் கோயிலில் கல்வெட்டு இருப்பதையும், தம் ஊர் ஏரி எத்தனை வயல்களுக்குப் பாய்ந்தது என்பதையும் அவர்கள் அறியார். ஊர்ப்பெயர் வாயினின்று மறைந்தால், ஏரி மறைவதைக் கேட்பாரும் இலர்.

எனவே மூன்று வினாக்களைக் கேளுங்கள். இவ்வூர் நகரத்தால் தோன்றியதா? இதன் மக்கள் நாள்தோறும் நகரத்தை நம்பி உழைக்கின்றனரா? இதற்கெனச் சந்தையும் சுற்றுவட்டாரமும் உண்டா? முன்னிரண்டுக்கும் ஆம் என்றும், மூன்றாவதற்கு இல்லை என்றும் விடை வருமாயின், அது புறநகரே. விடைகள் கலந்து வரின், அதனை அதன் பெயராலேயே அழைப்போம். நகரத்து எல்லை இன்னும் விரியக்கூடும். எல்லை விரிந்தாலும், உள்ளே வரும் ஊர் தன் பெயரோடும் வரலாற்றோடும் வரவேண்டும். அதனைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பது பெரியோர் கடன்.