73 வயதா? அமெரிக்க ஓய்வுக்காலக் கணக்கில் பணம் எடுக்காவிட்டால் 25% அபராதம்... வரி ரிட்டர்னில் காட்டுவது எப்படி?

அமெரிக்காவில் பல வருஷம் வேலை பார்த்து 401(கே), ஐஆர்ஏ போன்ற ஓய்வுக்காலக் கணக்குகளில் பணம் சேர்த்தவர்கள், அதை எடுக்காமல் காலம் முழுக்க அப்படியே விட்டுவைக்க முடியாது. ஒரு வயதுக்குப் பிறகு ஆண்டுதோறும் குறிப்பிட்ட தொகையை எடுத்தே ஆகணும். இதைத்தான் 'ஆர்எம்டி' என்கிறார்கள். தமிழில் சொன்னால், கட்டாயமாக எடுக்க வேண்டிய குறைந்தபட்சத் தொகை.

எடுக்க மறந்தால் அபராதம் உண்டு. எடுத்தாலும் வரி ரிட்டர்னில் தப்பான வரியில் எழுதினால், கட்டத் தேவையில்லாத வரியையும் சேர்த்துக் கட்ட நேரிடும். பிள்ளைகளோடு அமெரிக்காவில் இருக்கும் பெற்றோர், வேலை முடிந்து தமிழ்நாடு திரும்பியவர்கள் என இரு தரப்பும் தெரிந்துகொள்ள வேண்டிய விவரம் இதோ.

ஏன் இந்தக் கட்டாயம்?

இந்தக் கணக்குகளில் பணம் போடும்போது பொதுவாக அந்தத் தொகைக்கு வருமான வரி கிடையாது. உள்ளே வளரும் லாபத்துக்கும் வரி இல்லை. வரி ரத்தாகவில்லை, தள்ளித்தான் வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு கட்டத்தில் அதை வசூலிக்கத்தான் இந்த விதி.

முன்பு 70 வயது 6 மாதத்தில் இது தொடங்கியது. 2020 முதல் 72 வயது ஆனது. 2023 முதல் 73. 1960 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு 75 வயது.

ராத் ஐஆர்ஏ கணக்குக்கு, அதன் உரிமையாளர் உயிரோடு இருக்கும்வரை ஆர்எம்டி இல்லை. 2024 முதல் ராத் 401(கே) கணக்குக்கும் இல்லை. 73 வயதுக்குப் பிறகும் வேலையில் இருப்பவர்கள், அந்த நிறுவனத்தின் 401(கே) பணத்தை ஓய்வு பெறும்வரை தள்ளிப்போட முடியும். ஆனால், அந்த நிறுவனத்தில் 5 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவர்களுக்கும், ஐஆர்ஏ கணக்குக்கும் இந்தச் சலுகை பொருந்தாது.

எவ்வளவு எடுக்கணும்?

முந்தைய ஆண்டு டிசம்பர் 31 அன்று கணக்கில் இருந்த தொகையை, வயதுக்கு ஏற்ற எண்ணால் வகுக்க வேண்டும். அந்த எண் அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் வெளியிட்டுள்ள அட்டவணையில் இருக்கிறது. 73 வயதுக்கு 26.5, 74-க்கு 25.5, 75-க்கு 24.6, 80-க்கு 20.2.

உதாரணமாக, கணக்கில் 2,65,000 டாலர் இருந்து 73 வயது ஆனால், 26.5-ஆல் வகுத்தால் 10,000 டாலர். அந்த ஆண்டு குறைந்தது இவ்வளவாவது எடுக்கணும். கணவன் அல்லது மனைவி மட்டுமே வாரிசாக இருந்து, அவர் 10 வயதுக்கு மேல் இளையவராக இருந்தால் வேறு அட்டவணை. அதில் எடுக்க வேண்டிய தொகை குறையும்.

பல ஐஆர்ஏ கணக்குகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கணக்கிட்டு, மொத்தத் தொகையை ஒரே கணக்கிலிருந்து எடுக்கலாம். 401(கே) அப்படி இல்லை. எந்தக் கணக்கோ, அந்தக் கணக்கிலிருந்தே எடுக்கணும். கணவனுக்குரிய தொகையை மனைவியின் கணக்கிலிருந்து எடுத்துச் சரிக்கட்டவும் முடியாது.

முதல் ஆண்டில் ஒரு சிக்கல்

ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் 31 தான் கடைசி நாள். முதல் தடவைக்கு மட்டும் அடுத்த ஆண்டு ஏப்ரல் 1 வரை அவகாசம் உண்டு. ஆனால், அப்படித் தள்ளிப்போட்டால் ஒரே ஆண்டில் இரண்டு தடவை எடுக்க வேண்டி வரும்.

2025-இல் 73 வயது ஆனவர், முதல் தொகையை 2026 ஏப்ரல் 1-க்குள் எடுத்தால், இரண்டாவது தொகையை 2026 டிசம்பர் 31-க்குள் எடுக்கணும். இரண்டுமே 2026-ஆம் ஆண்டு வருமானம். இதனால் வரி விகிதம் கூடலாம், சோஷியல் செக்யூரிட்டி தொகைக்கும் கூடுதலாக வரி வரலாம். இரண்டு ஆண்டு கழித்து மெடிகேர் பிரீமியமும் உயரலாம்.

ரிட்டர்னில் எங்கே காட்டுவது?

பணம் எடுத்த அடுத்த ஆண்டு ஜனவரி இறுதியில் கணக்கு வைத்திருக்கும் நிறுவனம் '1099-ஆர்' என்ற படிவத்தை அனுப்பும். இதில் பார்க்க வேண்டியவை:

* பெட்டி 1: மொத்தம் எடுத்த தொகை
* பெட்டி 2ஏ: வரிக்கு உட்பட்ட தொகை
* பெட்டி 4: ஏற்கெனவே பிடித்த மத்திய வரி
* பெட்டி 7: எந்த வகையில் எடுத்தது என்ற குறியீடு. வழக்கமாக எடுத்தால் 7, கணக்கு வைத்திருந்தவர் இறந்து வாரிசு எடுத்தால் 4

இதில் எவ்வளவு ஆர்எம்டி, எவ்வளவு கூடுதலாக எடுத்தது என்று பிரித்துக் காட்டியிருக்காது. ரிட்டர்னிலும் பிரிக்கத் தேவையில்லை. 10,000 எடுக்க வேண்டிய இடத்தில் 15,000 எடுத்தால் முழு 15,000-ஐயும் காட்டணும். கூடுதல் 5,000-ஐ அடுத்த ஆண்டுக் கணக்கில் கழிக்கவும் முடியாது.

1040 படிவத்தில், ஐஆர்ஏ பணம் என்றால் வரி எண் 4ஏ, 4பி. 401(கே) பணம் என்றால் 5ஏ, 5பி. முழுத் தொகைக்கும் வரி உண்டு என்றால் 'பி' வரியில் மட்டும் எழுதினால் போதும். ஒரு பகுதிக்கு மட்டும் வரி என்றால் 'ஏ'-வில் மொத்தம், 'பி'-யில் வரிக்குரிய தொகை. பெட்டி 4-இல் உள்ள பிடித்தம் 25பி வரியில் போகும். 65 வயது தாண்டியவர்களுக்கான 1040-எஸ்ஆர் படிவத்திலும் இதே எண்கள்தான்.

"வரிதான் பிடிச்சுட்டாங்களே, அப்புறம் எதுக்கு காட்டணும்?" என்று நினைக்கக் கூடாது. ஐஆர்ஏ-வில் வேறு எதுவும் சொல்லாவிட்டால் பிடிப்பது 10 சதவீதம் மட்டுமே. உண்மையான வரி அதைவிடக் கூடலாம், குறையலாம். 1099-ஆர் படிவத்தின் நகல் ஐஆர்எஸ்-க்கும் போவதால், காட்டாமல் விட்டால் நோட்டீஸ் வரும்.

வரி குறைய வழி இருக்கா?

ஏற்கெனவே வரி கட்டிய பணத்தை ஐஆர்ஏ-வில் போட்டிருந்தால், அந்தப் பங்குக்கு மறுபடி வரி இல்லை. அதை 8606 படிவத்தில் கணக்குக் காட்டணும். பழைய 8606 படிவங்களைப் பத்திரமாக வைத்திருப்பது நல்லது.

70 வயது 6 மாதம் தாண்டியவர்கள், ஐஆர்ஏ-விலிருந்து நேரடியாக அறக்கட்டளைக்கு நன்கொடை கொடுத்தால் அதற்கு வரி இல்லை. அது ஆர்எம்டி-யிலும் கழியும். 2025-க்கு உச்சவரம்பு 1,08,000 டாலர். ரிட்டர்னில் 4ஏ-வில் மொத்தத் தொகை, 4பி-யில் நன்கொடை போக மீதி. பக்கத்தில் இது 'கியூசிடி' என்று குறிக்கணும். அதை விட்டுவிட்டு பெட்டி 1-இல் உள்ள முழுத் தொகையையும் 4பி-யில் எழுதினால், தானம் செய்த பணத்துக்கும் வரி கட்டுவதாகிவிடும்.

பணம் கைக்கு வந்த பிறகு கொடுத்தால் இந்தச் சலுகை இல்லை. அமெரிக்க வரிச்சட்டப்படி தகுதி பெற்ற அமைப்பாகவும் இருக்கணும். சொந்த ஊர்க் கோயிலுக்கோ, பள்ளிக்கோ நேரடியாக அனுப்புவது இதில் சேராது.

எடுக்க மறந்துவிட்டால்?

எடுக்காமல் விட்ட தொகையில் 25 சதவீதம் அபராதம். 2022 வரை இது 50 சதவீதமாக இருந்தது. 10,000 டாலரை எடுக்காமல் விட்டால் 2,500 டாலர் போச்சு. பொதுவாக இரண்டு ஆண்டுக்குள், ஐஆர்எஸ் நோட்டீஸ் அனுப்பும் முன் சரிசெய்தால் 10 சதவீதம், அதாவது 1,000 டாலர்.

உடல்நலக் குறைவு, நிறுவனத்தின் தவறு போன்ற நியாயமான காரணம் இருந்தால் முழுத் தள்ளுபடியும் கேட்கலாம். முதலில் விட்ட தொகையை எடுத்துவிட வேண்டும். பிறகு 5329 படிவத்தை நிரப்பி, காரணத்தை விளக்கும் கடிதத்தை இணைக்கணும். தள்ளுபடி கேட்கும்போது அபராதத்தை முன்கூட்டியே கட்ட வேண்டியதில்லை.

கணக்கு வைத்திருந்தவர் அந்த ஆண்டின் தொகையை எடுக்கும் முன்பே இறந்துவிட்டால், மீதியை வாரிசு எடுக்க வேண்டும். அது வாரிசின் வருமானமாகவே அவருடைய ரிட்டர்னில் வரும். துக்கத்தில் பல குடும்பங்கள் தவறவிடக்கூடிய இடம் இது.

தமிழ்நாடு திரும்பியவர்களுக்கு?

ஊர் திரும்பினாலும் ஆர்எம்டி விதி மாறாது. அமெரிக்கக் குடியுரிமை அல்லது கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் சென்னையில் இருந்தாலும் 1040 படிவம்தான். இரண்டும் இல்லாதவர்களுக்கு 1099-ஆர் படிவத்துக்குப் பதிலாக 1042-எஸ் வரும். பொதுவாக 30 சதவீதம் வரி பிடிப்பார்கள். ரிட்டர்ன் 1040-என்ஆர். இந்தியாவிலும் இந்த வருமானத்தைக் காட்ட வேண்டி வரும் என்பதால், இரு நாட்டு வரி ஒப்பந்தம் தெரிந்த ஆடிட்டரிடம் கேட்டுச் செய்வது நல்லது.

வயதான பெற்றோர் இருக்கும் வீடுகளில் நவம்பர் மாதமே ஒரு தடவை கேட்டுவிடுங்கள்: "இந்த வருஷப் பணத்தை எடுத்தாச்சா?" டிசம்பர் கடைசி வாரத்தில் விண்ணப்பித்தால், 31-ஆம் தேதிக்குள் பணம் வெளியே வராமல் போகவும் வாய்ப்பு உண்டு.