சுழற்பரிசை

புசல்லாவையில் ஒரு தோட்டத்து மைதானம். லீக் ஆட்டங்கள் முழுவதிலும் கூடிய புள்ளி எடுத்த அணிக்குச் சுழற்கேடயம் கொடுத்தார்கள். 'கேட்டை அயலாக்குவதால் கேடயம்' என்றார் மேடையில் ஒருவர். கைதட்டல் வேறு! கேடும் அயலும் சேர்ந்தால் கேடயல் அல்லவா வரும்? வடமொழிக் கேடகமே நம்மிடம் கேடயமாயிற்று. கதை அவ்வளவுதான்.

தமிழுக்கு இதற்கெனச் சொல் இல்லாமலா போயிற்று? தோல், கிடுகு, பலகை, பரிசை. தோல் எதனால் ஆனதென்று சொல்ல வேண்டியதில்லை. கிடுகு பின்னலால் ஆனது என்பேன். யாழ்ப்பாணத்தார் வேலியடைக்கும் தென்னங்கிடுகைப் பார்த்தவர் மறுக்கமாட்டார். வென்றவர் பெயர் பொறித்துச் சுவரில் மாட்டுவதும் பலகைதானே! கேடயத்துக்கு இன்னொரு பொருளும் உண்டு: சுவாமி எழுந்தருளும் சிறு பல்லக்கு. அதுவும் தோளில் ஏறுவதே.

கிண்ணம் வேறு சாதி. தமிழகத்தார்க்கு உலகக் கோப்பை. நமக்கு உலகக் கிண்ணம். கோப்பை கப்பலேறி வந்தது. போர்த்துக்கீசர் கொணர்ந்ததா, ஒல்லாந்தர் கொணர்ந்ததா என்று சண்டையிடுவோர் இடட்டும். கிண்ணத்துக்குத் தெலுங்கில் கின்னெ என்ற உறவு இருக்கிறது. ஐஸ் ஹொக்கியின் ஸ்டான்லி கிண்ணமும் 1892இல் வாங்கிய வெள்ளிக் கிண்ணமே. அதே ஆட்டத்தின் சிறிய லீக்கான ஈசிஎச்எல், வழமையான பருவத்தில் கூடிய புள்ளி எடுத்த அணிக்கும் பிரபாம் கிண்ணம் என்றே கொடுக்கிறது. பொருந்தாப் பெயர். ஒருநாள் வெற்றியைக் கிண்ணத்தில் ஊற்றிக் குடித்துவிடலாம். பருவம் முழுதும் அடி தாங்கியவனுக்குக் கேடயமே தகும். அவுஸ்திரேலியர் 1892-93இல் ஷெஃபீல்ட் கேடயத்தைக் கிரிக்கெட் லீக்குக்கு வைத்தனர். நம் கண்டியில் திரித்துவக் கல்லூரியும் கொழும்பு றோயல் கல்லூரியும் 1945 முதல் றக்பியில் மோதுவது பிரட்பி கேடயத்துக்கு: கண்டியில் ஓர் ஆட்டம், கொழும்பில் ஓர் ஆட்டம், இரண்டின் புள்ளிகளையும் கூட்டியே முடிவு. ஒரு பக்கம் வென்று மறுபக்கம் சரிந்தவனுக்குக் கேடயம் உறுதியில்லை.

இனிப் பரிசைக்கு வருவோம். மலையாளத்தில் பரிச, வாளும் பரிசையும் ஏந்தி ஆடும் பரிசமுட்டுக்களி கேரளத்தில் இன்றும் உண்டு. புறநானூற்றுப் புலவன் நாடியது பரிசில். பரிசு, பரிசில், பரிசை! ஒன்று பெறுவது, மற்றது தாங்குவது. வேர் வேறு என்று அகராதிக்காரர் பிரிக்கட்டும். தாங்கியவனுக்கே தருவது என்ற உறவு என் காதுக்குத் தெளிவாகக் கேட்கிறது.

அடுத்த வருடம் அந்தத் தோட்டத்துப் பலகையில் 'சுழற்பரிசை' என்று பொறிக்கச் சொல்வேன்.