மணவாளக்குறிச்சி மணலும் மேன்டில் விளக்கும்

திருவிழா ஊர்வலங்களில் தலைச்சுமையாக வந்த பெட்ரோமாக்ஸ் விளக்குகளை நம்மில் பலர் கண்டிருப்போம். உள்ளே தொங்கும் மேன்டில் சிறு துணிப்பை போலிருக்கும். முதன்முறை கொளுத்தியதும் நூல் எரிந்துபோய் வெண்ணிறக் கூடொன்று எஞ்சும். விரல் பட்டாலே உதிர்ந்துவிடும். சாம்பல் என்று நாம் எண்ணிய அக்கூடு உண்மையில் பீங்கான் இழைகளின் வலை. ஆஸ்திரியரான கார்ல் ஆவர் வான் வெல்ஸ்பாக் 1885இல் மேன்டிலுக்குக் காப்புரிமை பெற்றார். தோரியம் ஆக்சைடு 99 பங்கு, சீரியம் ஆக்சைடு ஒரு பங்கு என்ற கலவை பின்னரே அமைந்தது.

அந்தத் தோரியமே உலகை நம் கடற்கரைக்கு அழைத்து வந்தது. திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை 1909இல் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலாளர் கண்டார். மணலின் தடம் அவரை மணவாளக்குறிச்சியில் கொண்டு சேர்த்தது. (அது கல்குளம் வட்டம், நாஞ்சில் நாடு ஆகாது என்று கறாராகச் சொல்வோர் உண்டு, மணலுக்கு அந்த எல்லைகள் தெரியா.) முதல் உலகப்போரில் தொழில் பிரிட்டிஷார் கைக்குப் போயிற்று. இன்று அங்கே ஆலை நடத்துவது 1950இல் தொடங்கிய இந்திய அருமணல் நிறுவனம்.

மின்விளக்கு வந்தது, மேன்டில் மங்கியது. ஆனால் அந்த ஒரு பங்கு சீரியம் வேறு வேடத்தில் திரும்பியது. மோனசைட்டின் அருமண் உலோகங்களில் ஏறத்தாழப் பாதி சீரியமே. ஆக்சிஜன் மிகுந்தால் வாங்கி வைப்பதும் குறைந்தால் கொடுப்பதும் சீரியம் ஆக்சைடின் இயல்பு. ஆகவே கார்ப் புகையைத் தூய்மைசெய்யும் வினையூக்கிகளில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவற்றுக்குத் துணையாக அது அமர்ந்தது. கார்பன் மோனாக்சைடு நச்சு நீங்குகிறது; நைட்ரஜன் ஆக்சைடுகள் வெறும் நைட்ரஜனாகின்றன. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது 1995இல் கட்டாயமானது.

இப்போது ஆய்வகங்களில் இழை மறுபடி வந்திருக்கிறது. உலோக உப்பு கலந்த பாலிமர்க் கரைசலை உயர் மின்னழுத்தத்தால் இழுத்து, முடியைவிடப் பன்மடங்கு மெல்லிய இழையாக்கி, உலையிலிட்டுப் பாலிமரை எரித்துவிடுகிறார்கள். மிஞ்சுவது பீங்கான் இழை. அதன்மேல் சில நானோமீட்டர் அளவே உள்ள பல்லேடியத் துகள்கள். விலையுயர்ந்த உலோகம் சிறிதளவே போதும், வாயுவும் இழைகளிடையே எளிதாக நுழையும். நூலை எரித்துப் பீங்கானை மிச்சம் வைக்கும் வெல்ஸ்பாக்கின் உபாயம்தான் இது.

நகரத்தின் மூச்சுக்கு உதவும் இம்மணலை எடுப்பதில் நம் ஊராருக்கு வேறு கணக்கு உண்டு. கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் அகழும் திட்டத்தை 2024இல் கடற்கரை ஊர்கள் எதிர்த்தன. தோரியத்தை அகற்றினால் கதிரியக்கம் குறையும் என்பது நிறுவனத் தரப்பு; மணலைக் கிளறுவதே கேடு, கரையும் கடலுக்குப் போய்விடும் என்பது மீனவர் தரப்பு. இதை அறியாமை என்று தள்ள நமக்கு மனம் வரவில்லை. அம்மணல்மேல்தான் அவர்கள் வள்ளங்களை ஏற்றி வைக்கிறார்கள்.