தருமசாலை என்னும் பள்ளிவாசல்: விஜயநகரத் தலைநகரின் பன்மைக்குச் சில சான்றுகள்

விஜயநகரத் தலைநகரைப் பற்றிய பொதுச் சித்திரம் பெரிதும் பயணிகளின் குறிப்புகளிலிருந்து உருவானது. தைமூரிய மன்னர் ஷாருக்கின் தூதரான அப்துர் ரசாக் 1443இல் இரண்டாம் தேவராயரின் அவைக்கு வந்தார். போர்த்துகீசியரான தொமிங்கோ பயஸ், கிருஷ்ணதேவராயர் காலத்தில், 1520ஐ ஒட்டி நகரைக் கண்டு எழுதினார். பயஸின் குறிப்பை இராபர்ட் சூயல் 1900இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். இசுலாமியப் படையெடுப்பைத் தடுத்துநின்ற இந்து அரண் என்னும் கருத்தையும் அந்நூலே நிலைநிறுத்தியது. ஆயின் அந்நூலில் உள்ள பயஸின் குறிப்பே அக்கருத்துக்கு முழுதும் உடன்படுவதாக இல்லை.

பெருந்தெரு ஒன்றின் முடிவில் முஸ்லிம்களின் குடியிருப்பு இருந்ததாகவும், அவர்களுள் பலர் அந்நாட்டிலேயே பிறந்தவர்கள், அரசரிடம் ஊதியம் பெறும் காவற்படையினர் என்றும் பயஸ் எழுதுகிறார். வணிகத்தின் பொருட்டு, சிறப்பாக வைரத்தின் பொருட்டு, பல நாட்டவரும் அங்குக் கூடியிருந்தனர் என்பதும் அவர் கூற்று. ரசாக்கின் அனுபவம் இதனினும் சுவையானது. அவர் ஷாருக்கின் உண்மையான தூதர் அல்லர் என்று ஓர்முஸ் நாட்டினர் அந்நகரில் செய்தி பரப்பினர். அயல்நாட்டார் சொல் அங்கு எடுபடும் என்னும் நிலை இருந்ததாலன்றோ இது நிகழ்ந்தது!

எனினும் பயணி காண்பது புறத்தோற்றமே. நகரில் வாழ்ந்தவர்கள் தம்மை எவ்வாறு குறித்துக்கொண்டனர் என்பதற்கு 1439ஆம் ஆண்டுக் கன்னடக் கல்வெட்டு ஒன்று சான்றாகிறது. தேவராயரின் படையில் பணியாற்றிய அகமது கான், மன்னருக்குப் புண்ணியம் சேரும்பொருட்டு எழுப்பிய கட்டடத்தை அது 'தருமசாலை' என்கிறது. மேற்குச் சுவரில் தொழுகைத் திசை காட்டும் மாடம் உள்ளமையால் அது பள்ளிவாசல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்குக் குவிமாடம் இல்லை. தூண்கள் தாங்கும் தட்டையான கூரையுடன் கோயில் மண்டபம் போலவே நிற்கிறது. அருகிலுள்ள கல்லறையிலோ குவிமாடமும் வளைவுகளும் உள்ளன. எனவே அவ்வடிவத்தை அறியாமையால் விட்டனர் எனல் பொருந்தாது.

தருமசாலை என்னும் சொல்லை மறைப்பு எனக் கொள்வதினும் மொழிபெயர்ப்பு எனக் கொள்வதே தகும். மன்னர் பெயராலேயே எழுந்த கட்டடத்தை மன்னரிடமிருந்து மறைக்கும் தேவை இல்லை.

இந்நிலை இசுலாமியரோடு முடிவதன்று. இரண்டாம் அரிகரரின் அமைச்சர் இருகப்பர் 1385இல் இதே நகரில் குந்து ஜினநாதருக்குக் கோயில் எடுத்தார். காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலில் சங்கீத மண்டபம் அமைத்தவரும் இவரே.

இவற்றைச் சமய நல்லிணக்கம் என்று புகழ்வது எளிது. இக்கட்டுரையாளருக்கு அதில் தயக்கம் உண்டு. தேவராயர் முஸ்லிம் வில்லாளரையும் குதிரைவீரரையும் படையில் சேர்த்ததற்கு, பாமினிப் படையிடம் அடைந்த தோல்விகளையே பெரிஷ்தா காரணமாகக் காட்டுகிறார். குதிரைகளோ கடல்கடந்து வரவேண்டியிருந்தன. தேவையே வாயிலைத் திறந்தது. திறந்தபின் சொற்களும் உள்ளே வந்தன: இவ்வரசர்கள் தம் கல்வெட்டுகளில் சூடிக்கொண்ட 'இந்துராய சுரத்ராண' என்னும் விருதில் உள்ள சுரத்ராண என்பது, சுல்தான் என்பதன் வடமொழி வடிவமே.