20 மணி நேரம் நான்-ஸ்டாப்... புது விமானத்தை ஏர்லைன்ஸ் எப்படித் தேர்வு செய்கிறது?

ஃபிளைட் டிக்கெட் புக் பண்ணும்போது எதையெல்லாம் பார்ப்பீர்கள்? விலை, கிளம்பும் நேரம், எத்தனை கிலோ லக்கேஜ், நடுவில் எத்தனை ஸ்டாப்... அவ்வளவுதான். ஓரமாகச் சின்ன எழுத்தில் 'ஏர்பஸ் ஏ350' என்றோ 'போயிங் 787' என்றோ இருப்பதைப் பலரும் கவனிப்பதே இல்லை. ஆனால், நடுவில் இறங்கி ஏற வேண்டுமா, ஒரு வரிசையில் எத்தனை பேரோடு உட்கார வேண்டும் என்பதையெல்லாம் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்தச் சின்ன எழுத்துதான்.

ஒரு விமானம் வாங்கினால் 20 வருடங்களுக்கு மேல் ஓட்டியாக வேண்டும். தப்பான விமானத்தை வாங்கிவிட்டால், பைக் மாதிரி அடுத்த வருஷமே மாற்றிவிட முடியாது. அப்படியென்றால் ஏர்லைன்ஸ் எதை வைத்து முடிவெடுக்கிறது? ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம் எடுத்த ஒரு முடிவைப் பார்த்தால் போதும், கணக்கு தெளிவாகப் புரிந்துவிடும்.

முதலில் ரூட், பிறகுதான் விமானம்

சிட்னியிலிருந்து லண்டன் சுமார் 17,000 கி.மீ. 1947-ல் குவாண்டாஸ் இந்த வழியில் சேவை தொடங்கியபோது, பல ஊர்களில் இறங்கி ஏறி லண்டன் போய்ச் சேர நான்கு நாள்கள் ஆயின. இன்றும் நடுவில் ஒருமுறையாவது தரையிறங்காமல் போக முடியாது.

இதை ஒரே தாவலில் கடக்க வேண்டும் என்று 2017-ல் குவாண்டாஸ் முடிவு செய்தது. "எங்களுக்கு இந்தத் தூரம் போகிற விமானம் வேண்டும், யார் தருவீர்கள்?" என்று ஏர்பஸ், போயிங் இரண்டுக்கும் வெளிப்படையாகவே சவால் விட்டது. இந்தத் திட்டத்துக்கு வைத்த பெயர் 'புராஜெக்ட் சன்ரைஸ்'.

அந்தப் பெயருக்குப் பின்னால் இலங்கை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் ஜப்பானிடம் வீழ்ந்த பிறகு, ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையிலான வான்வழி அறுந்துபோனது. 1943 முதல் 1945 வரை, பெர்த்திலிருந்து காலிக்கு அருகே இருக்கும் கொக்கலை ஏரி வரை, கட்டலினா என்ற நீர் விமானங்களைக் குவாண்டாஸ் ஓட்டியது. ரேடியோவில் பேசக்கூட முடியாமல் இந்தியப் பெருங்கடலின் மேல் சுமார் 30 மணி நேரப் பயணம். வழியில் இரண்டு சூரிய உதயங்களைப் பார்ப்பார்கள் என்பதால் 'டபுள் சன்ரைஸ்' என்று பெயர் வந்தது. எரிபொருளே பெரும் பாரமானதால், அந்த விமானத்தில் அதிகபட்சம் மூன்று பயணிகளுக்குத்தான் இடம்!

எரிபொருளா, பயணியா என்ற இந்த இழுபறி இன்றும் மாறவில்லை.

தூரம் கூடினால் சீட் குறையும்

2022 மே மாதம் குவாண்டாஸ் 12 ஏ350-1000 விமானங்களை ஆர்டர் செய்தது. வழக்கமாக 350 பேருக்கு மேல் உட்காரக்கூடிய பெரிய விமானம் இது. குவாண்டாஸ் வைக்கப்போவது வெறும் 238 சீட்.

ஏன் இப்படி? சிட்னி - லண்டன் தூரத்துக்காக இதில் கூடுதலாக 20,000 லிட்டர் டேங்க் ஒன்று வருகிறது. அந்த எரிபொருளின் எடை மட்டுமே ஏறக்குறைய 16 டன். ஒரு பயணியை லக்கேஜோடு சேர்த்து 100 கிலோ என்று வைத்தால், 160 பேரின் எடை. அதோடு, அந்த எரிபொருளைத் தூக்கிச் செல்லவே இன்னும் கொஞ்சம் எரிபொருள் எரியும். எனவே, தூரம் வேண்டுமென்றால் வேறு எங்கேயாவது எடையைக் குறைத்தே ஆக வேண்டும்.

குறைந்த சீட்டில் லாபம் பார்க்க வேண்டுமென்றால், அதிக விலை கொடுப்பவர்கள் தேவை. அதனால்தான் 238-ல் 6 ஃபர்ஸ்ட் கிளாஸ், 52 பிசினஸ், 40 பிரீமியம் எகானமி. நம்மைப் போன்றவர்களுக்கான எகானமி 140 மட்டுமே.

சிங்கப்பூர் கற்ற பாடம்

'தூரம் போகும்' என்பது மட்டும் போதாது என்பதற்கு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நல்ல உதாரணம். 2004-ல் சிங்கப்பூரிலிருந்து அமெரிக்காவின் நெவார்க்குக்கு நான்-ஸ்டாப் சேவை தொடங்கியது. சுமார் 15,300 கி.மீ. பயன்படுத்திய விமானம் ஏ340-500. நான்கு இன்ஜின், நல்ல தூரம். ஆனால், எரிபொருளைக் குடித்துத் தள்ளியது. 2008-ல் 100 பிசினஸ் கிளாஸ் சீட் மட்டும் வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். அப்படியும் சமாளிக்க முடியாமல், 2013-ல் சேவையை நிறுத்தினார்கள்.

2018-ல் அதே ரூட் திரும்பி வந்தது. இந்த முறை, இரண்டே இன்ஜின் கொண்ட ஏ350-900-ன் நெடுந்தூர மாடல். 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி என்று மொத்தம் 161 சீட். சாதாரண எகானமியே கிடையாது. ஊர் அதே ஊர், தூரம் அதே தூரம். ரூட்டுக்கு உயிர் கொடுத்தது, குறைவாக எரிபொருள் குடிக்கும் விமானம்.

இன்ஜின் ஏற்கெனவே பாஸ் ஆகியிருக்கிறதா?

குவாண்டாஸ் முன்னால் இரண்டு சாய்ஸ் இருந்தன. ஏர்பஸ் ஏ350-1000, போயிங் 777-8. பேப்பரில் இரண்டுமே வலுவானவை. ஆனால், 777எக்ஸ் குடும்பம் அப்போது பறக்கவே தொடங்கவில்லை. 2020-ல் முதல் விமானத்தைத் தருவதாகச் சொல்லியிருந்த போயிங், பின்னர் பல ஆண்டுகள் தள்ளிப்போட்டது. ஏ350-1000-ன் ரோல்ஸ் ராய்ஸ் இன்ஜினோ அதற்குள் பயணிகளோடு பறந்து பெயர் எடுத்துவிட்டது. 2019 டிசம்பரில் ஏர்பஸைத் தேர்வு செய்தபோது, குவாண்டாஸ் குறிப்பிட்டுச் சொன்ன காரணங்களில் இந்த நம்பகத்தன்மையும் ஒன்று.

இது சும்மா சொல்கிற காரணம் இல்லை. 787-க்காக ரோல்ஸ் ராய்ஸ் செய்த இன்னோர் இன்ஜினில், உள்ளே இருக்கும் பிளேடுகள் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் தேய்ந்தன. பல நாட்டு ஏர்லைன்ஸ்களின் விமானங்கள் மாதக்கணக்கில் தரையில் நின்றன. பறக்காத விமானம் சம்பாதிக்காது, ஆனால் அதன் தவணை நிற்காது.

பைலட்டும் சம்மதிக்க வேண்டும்

20 மணி நேரத்தை மனித உடல் தாங்குமா? 2019-ல் நியூயார்க்கிலிருந்து சிட்னிக்கு, 787-9 விமானத்தில் 49 பேரை மட்டும் ஏற்றிச் சோதனைப் பயணம் நடத்தினார்கள். 19 மணி 16 நிமிடம். எப்போது சாப்பாடு தருவது, எப்போது விளக்கை அணைப்பது என்று மாற்றிப் பார்த்தார்கள். பைலட்டுகள் எவ்வளவு விழிப்போடு இருக்கிறார்கள் என்று அளந்தார்கள். பயணிகள் எழுந்து நின்று கை, காலை நீட்ட ஒரு தனி இடத்தைப் புது விமானத்தில் ஒதுக்கியது இந்த யோசனைகளின் தொடர்ச்சிதான்.

இன்னொரு பக்கம், பைலட்டுகளோடு சம்பள, பணி ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. குவாண்டாஸிடம் ஏற்கெனவே ஏ330 விமானங்கள் உண்டு. ஏ350-ன் காக்பிட் அதற்கு நெருங்கிய சொந்தம் என்பதால், அந்த பைலட்டுகளுக்குப் பயிற்சி கொடுத்து மாற்றுவது எளிது. புதுக் குடும்பத்து விமானம் வந்தால் பயிற்சி, உதிரிபாகம், மெக்கானிக் என எல்லாமே புதுச் செலவு.

பேரம் இல்லாத வியாபாரமா?

விமானத்துக்கு யாரும் முழு விலை கொடுப்பதில்லை. பெரிய தள்ளுபடி உண்டு, கடைசி விலை ரகசியம். இரண்டு கம்பெனிகளையும் மோதவிட்டு, மொத்தமாக வாங்கினால் விலை இன்னும் இறங்கும். குவாண்டாஸ் அந்த 12 பெரிய விமானங்களோடு சேர்த்து, 40 சின்ன விமானங்களையும் ஏர்பஸிடமே உறுதி செய்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2012-ல் புது விமானங்களை ஆர்டர் செய்தபோது, தன்னிடமிருந்த அந்த ஐந்து ஏ340-500-களையும் ஏர்பஸ் திரும்ப எடுத்துக்கொண்டது. நம்ம ஊர் எக்ஸ்சேஞ்ச் ஆஃபர்தான், கோடிகளில்!

இவ்வளவு கணக்குப் போட்டும் ரிஸ்க் போய்விடாது. குவாண்டாஸ் முதலில் சொன்ன தேதியில் விமானம் வரவில்லை. கொரோனா ஆர்டரையே இரண்டு வருடம் தள்ளியது. பிறகு, அந்தக் கூடுதல் டேங்க்கின் டிசைனைப் பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்ப மாற்ற வேண்டியிருந்ததால் டெலிவரி மீண்டும் தள்ளிப்போனது.

உங்களுக்கு இதில் என்ன?

அடுத்த முறை நீண்ட தூர டிக்கெட் போடும்போது விமானத்தின் பெயரையும் பாருங்கள். 777 என்றால் எகானமியில் பெரும்பாலும் 3-4-3 என வரிசைக்குப் பத்து பேர். ஏ350, 787 என்றால் பெரும்பாலும் 3-3-3 என ஒன்பது பேர். அதிலும் ஏ350-ன் உடல் 787-ஐவிட அகலம், அதனால் தோளுக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கிடைக்கும். நான்-ஸ்டாப் என்றால் நேரம் மிச்சம், ஆனால் சீட் குறைவு என்பதால் விலையும் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். நடுவில் ஒரு ஸ்டாப்பில் இறங்கி, காபி குடித்து, காலை நீட்டிப் போவது உங்கள் பட்ஜெட்டுக்கும் முதுகுக்கும் நல்லது என்று தோன்றினால், தயங்காமல் அதையே புக் பண்ணுங்கள்.